மூணு பெட்டிக்கும் ஒரே ஆம்ப்ளி

எங்க மாமனாரு யாரையும் நம்ப மாட்டாரு. பால்காரன் ஊத்தற பாலை விரல் விட்டுப் பாப்பாரு. உரக்கடையில எடை போட்ட மூட்டைய மறுபடி தராசுல ஏத்தச் சொல்லுவாரு. பஸ்ல கண்டக்டரு கிழிச்சிக் குடுத்த டிக்கெட்ட வெளிச்சத்துல தூக்கித் தூக்கிப் பாப்பாரு. எழுத்துப் படிக்கத் தெரியாது, ஆனாலும் பாப்பாரு. நான் கல்யாணமாகி வந்த புதுசுல "கொழம்புல உப்பு போட்டியாம்மா?"ன்னு கேட்டாரு. போட்டுட்டேன் மாமான்னேன். "யாரு பாத்தா?"ன்னாரு. எனக்கு வந்துச்சி பாருங்க ஒரு கோவம்! கரண்டிய அப்படியே போட்டுட்டு எங்க அம்மா வூட்டுக்குப் போயிடலாமான்னு இருந்துச்சி.

போவல. இருந்து இருந்து எனக்கும் அந்தப் புத்தி ஒட்டிக்கிச்சி. அவரு வாய் விட்டு சந்தேகப்படுவாரு, நான் மனசுக்குள்ளயே சந்தேகப்படுவேன். அவ்ளோதான் எங்களுக்குள்ள வித்தியாசம்.

அப்படிப்பட்ட மனுசனுக்குக் காது போச்சின்னா என்ன ஆவும்னு யோசிச்சிப் பாருங்க. எங்க பக்கத்து ஜனங்க இட ஒதுக்கீடு கேட்டு ரோட்டுல உக்காந்த வருசங்க அது. ஒரு நாள் பஸ் ஓடும், மறுநாள் மரத்த வெட்டிக் குறுக்கால போட்டுடுவாங்க, அதுக்கு மறுநாள் போலீஸ் வேன் தெருத்தெருவா சுத்தும். யாரு எந்த வூட்டுல இருந்து எவனப் புடிச்சிக் குடுத்தான்னு ஊரே ஒருத்தர ஒருத்தர் முறைச்சிக்கினு திரிஞ்சிது. அந்த நேரம் பாத்துதான் மாமனாருக்குக் காது மந்தமாச்சி. பக்கத்துல குனிஞ்சி கத்தினா கொஞ்சம் கேக்கும். ஆனா கத்தினா, "இவ்ளோ சத்தமா சொல்றான்னா பொய்தான்"ம்பாரு. மெதுவா சொன்னா, "என்னமோ மறைக்கறான்"ம்பாரு. காதுல மாட்டற மிசினு ஒண்ணு வாங்கியாந்தோம். ஒரு நாள் போட்டாரு. "உள்ள எவனோ உக்காந்துக்கினு பேசறான்"னு கழட்டி வீசிட்டாரு.

இவ்ளோத்துக்கும் அவரு கேக்கணும்னு துடிச்சது ஒரே ஒரு குரலத்தான். அவரோட பெரிய பையன் குரலு.

எங்க வூடு கள்ளக்குறிச்சியில இருந்து கச்சிராயபாளையம் போற ரோட்டு மேல. மாடியில ஏறி நின்னா கல்வராயன் மலை தெரியும். என் வூட்டுக்காரரோட அண்ணன், நாங்க பெரியவருன்னு சொல்லுவோம், அந்த மலை மேல கரியாலூருல மாவு மில்லு போட்டாரு. சாமை அரைக்க மில்லுக்கு வந்த மலைக்காரப் பொண்ணு ஒருத்தியப் புடிச்சிப் போயி, அங்கயே கல்யாணம் கட்டிக்கினாரு. அதச் சொல்றதுக்கு ஒருவாட்டி கீழ எறங்கி வந்தாரு. மாமனாரு எழுந்து நின்னு, "அவ இந்த வாசப்படிய மிதிச்சா நான் செத்ததுக்கு சமானம்"னுட்டாரு. பெரியவரு குடிச்சிக்கினு இருந்த தண்ணி சொம்ப கீழ வெச்சிட்டு அப்படியே கிளம்பிப் போயிட்டாரு. அதோட வரவே இல்ல.

கோவம் எத்தன நாளைக்கு இருக்கும்? பெத்த மனசு. கொஞ்ச நாள்லயே இவரு காலையில மாடியேறி மலையப் பாத்துக்கினு நிக்க ஆரம்பிச்சாரு. கேட்டா, "மழ வருதான்னு பாத்தேன்"ம்பாரு. கோடையில! "அவன வரச் சொல்லு"ங்கற வார்த்த மட்டும் வாயில இருந்து வரல. அந்த வறட்டு கௌரவத்த நெனச்சா எனக்கு இன்னிக்கும் பத்திக்கினு வருது.

பெரியவரு லெட்டர் போட்டாரு. என் வூட்டுக்காரரு படிச்சிக் காட்டுவாரு. மாமனாரு கண்ணக் குறுக்கிக்கினு கேப்பாரு, கடைசியில "நீ மாத்திப் படிக்கற"ம்பாரு. எதிர் வூட்டு வாத்தியாரக் கூப்புட்டுப் படிக்க வெச்சாலும், "ரெண்டு பேரும் பேசி வெச்சிக்கினீங்க"ம்பாரு. அப்புறம் மலையில இருந்து சந்தைக்குக் கடுக்கா கொண்டாறவரு ஒருத்தரு மூலமா சொல்லி அனுப்பினாரு: "எழுத்து வேணாம். அவன் வாயால சொல்லச் சொல்லு."

அடுத்த சந்தைக்குக் கடுக்காக்காரரு மூட்டைக்குள்ள இருந்து துணியில சுத்தின கேசட்டு ஒண்ண எடுத்துக் குடுத்தாரு. பெரியவரு பேசிப் பதிஞ்சி அனுப்பி இருந்தாரு.

வூட்டுல ஒரு சின்ன டேப் ரெக்கார்டரு இருந்துச்சி. போட்டோம். மாமனாரு காத அதோட வாயில ஒட்ட வெச்சிக்கினு கேட்டாரு. பின்னால மில்லு இஞ்சினு டக்கு டக்குன்னு அடிச்சிக்கினே இருக்குது, அவருக்கு அந்த டக்கு டக்குதான் கேட்டுச்சி. எங்க ரெண்டு பேருக்கும் பேச்சு தெளிவா கேட்டுச்சி. பெரியவரு சொன்னது இதுதான்: "நைனா, அவ முழுகாம இருக்கா. அவள உட்டுட்டு நான் மட்டும் வந்து துன்னுட்டுப் போவ முடியாது. ரெண்டு பேரும் வாங்கன்னு ஒரு வார்த்த சொல்லுங்க, அடுத்த பஸ்ஸுக்கு வரோம். சொல்லலன்னா என்ன எதிர்பாக்காதீங்க."

மாமனாரு நிமுந்து என் வூட்டுக்காரரப் பாத்தாரு. "இன்னாடா சொல்றான்?"

இவரு கொஞ்சம் கூட யோசிக்கல. குனிஞ்சி காதுல கத்தினாரு: "வரேன்னு சொல்றான் நைனா! மறியல் நடக்குதாம், மலை பஸ் ஓடலியாம். எல்லாம் முடிஞ்சதும் வரானாம்!"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி.

சமையக்கட்டுல புடிச்சிக் கேட்டேன், ஏன் அப்படி சொன்னீங்கன்னு. "ரத்தக்கொதிப்புக்காரரு, உண்மையச் சொன்னா சாஞ்சிடுவாரு"ன்னாரு. எனக்கு அது நம்பற மாதிரி இல்ல. கரும்பு நெலம் முழுசும் அப்போ இவரு கையில. அண்ணன் மலையிலயே இருந்துட்டா பாகம் கேக்க ஆளு ஏது? அன்னிக்கு மட்டும் மனசுல வெச்சிக்க முடியல, நாக்கப் புடுங்கிக்கற மாதிரி கேட்டுட்டேன்: "நெலம் மொத்தமும் நமக்கே இருக்கட்டும்னு பாக்கறீங்களா?" சோத்துத் தட்டத் தள்ளிட்டு எழுந்து போயிட்டாரு. ஆமான்னும் சொல்லல, இல்லன்னும் சொல்லல. நான் என்னன்னு எடுத்துக்கறது?

நீயே மாமனாருகிட்ட சொல்லி இருக்கலாமேன்னு கேப்பீங்க. எப்படிச் சொல்றது? அவருகிட்ட ரகசியம் பேச முடியுமா? கத்தித்தான் சொல்லணும், தெருவே கேக்கும். சொன்னாலும், யாரு பாத்தான்னு கேப்பாரு. அப்புறம் அண்ணன் தம்பிக்கு நடுவுல கலகம் மூட்டினவன்னு எம்பேருதான் கெடும். அதனால வாய மூடிக்கினு இருந்தேன்.

ஆனா கிழவனாரு லேசுப்பட்ட ஆளா? "எத்தினி நாளைக்குடா மறியலு?"ன்னு தினம் ஆரம்பிச்சாரு. வாசல்ல உக்காந்து போற வர பஸ்ஸப் பாத்து, "தோ போவுதே!"ம்பாரு. இவரு, "அது டவுன் பஸ் நைனா"ம்பாரு. "நேத்து ஒண்ணு போச்சே?" "அது போலீஸ் வண்டி நைனா." ஒரு நாள் மாமனாரு கைத்தடியத் தரையில தட்டி, "எனக்கே காது குத்தறியா? ரேடியோவுல செய்தி சொல்றான், டிவியில சொல்றான். டேப்புல என் புள்ள சொல்றான். மூணும் எனக்கு கேக்கணும். மூணும் ஒரே பேச்சு பேசுதான்னு நான் பாக்கணும்"னாரு. அதாவது எங்க மேல மூணு சாட்சி வெக்கறாரு.

மூணுக்கும் பெரிய சத்தம் வரணும்னா மூணு ஆம்ப்ளி வாங்க முடியுமா? எங்க கரும்பே வெட்டி ரோட்டோரம் காஞ்சிக்கினு கெடந்துச்சி, மூங்கில்துறைப்பட்டு சக்கரை மில்லுக்கு டிராக்டரு போவ வழியில்லாம. அந்த சமயத்துல மைக் செட்டு வாடகைக்கு உடறவரு ஒருத்தரு பழைய ஆம்ப்ளியும் ஒரு ஸ்பீக்கர் பாக்ஸும் கம்மி விலைக்குத் தள்றாருன்னு தெரிஞ்சிது. மறியல் காலத்துல மைக்குக்கு போலீஸ் பர்மிஷன் குடுக்கறதில்ல, பொழப்பு படுத்துடுச்சி. அத்தன கம்மியா குடுக்கறான்னா அதுல என்னமோ வில்லங்கம் இருக்குதுன்னுதான் எனக்குத் தோணிச்சி. மாமனாருக்கும் அதேதான். ஆனா வேற வழி ஏது? வாங்கினோம்.

பஸ் ஸ்டாண்டு பக்கத்துல ஒரு ரேடியோ மெக்கானிக்கு இருந்தாரு. ரேடியோ, டிவி, டேப்பு, ஆம்ப்ளி எல்லாத்தையும் மாட்டு வண்டியில ஏத்திக்கினு, வைக்கோலு மெத்தை போட்டு, மாமனாரும் நானும் என் வூட்டுக்காரரும் போனோம். மெக்கானிக்கு எங்கள மேலயும் கீழயும் பாத்தாரு. "இவ்ளோ பெரிய ஆம்ப்ளி வூட்டுக்கு எதுக்குங்க? எங்கனா கூட்டமா?"ன்னாரு. அப்புறம் தன் பேருல வம்பு வரக்கூடாதுன்னு வேற சொன்னாரு. நாங்க அவர சந்தேகப்படலாம்னு போனா அவரு எங்கள சந்தேகப்படறாரு. நல்லா இருக்குது கதை!

விஷயத்தச் சொன்னதும் ஆளு கொஞ்சம் எளகினாரு. "மூணுக்கும் ஒரே ஆம்ப்ளி போதும். நடுவுல ஒரு சுவிட்ச்சி வெச்சிடலாம். இந்தப் பக்கம் திருப்பினா ரேடியோ, நடுவுல டிவி, அந்தப் பக்கம் டேப்பு. எந்தப் பொட்டியத் திருப்பறீங்களோ அது மட்டும் ஆம்ப்ளிக்குள்ள போவும்"னாரு. புது சுவிட்ச்சி விலை ஜாஸ்தின்னு, செத்துப்போன பழைய வால்வு ரேடியோ ஒண்ணப் பிரிச்சி, ஸ்டேஷன் வரிசை மாத்தறதுக்கு அதுல இருந்த திருகு சுவிட்ச்சக் கழட்டி எடுத்தாரு. டேப்புல பின்னாலயே அஞ்சு ஓட்டை வெச்ச சாக்கெட்டு இருந்துச்சி, அதுல ஒயரு பின்ன சொருகினா போதும். ரேடியோவுல அப்படி ஒண்ணும் இல்ல, அதனால சத்தம் கூட்டற திருகுகிட்ட இருந்து லைன் எடுத்தாரு. டிவிகிட்ட வரும்போது மட்டும் நிறுத்தி, "இதுல நேரா ஒயர் இழுத்தா கரண்டு ஆம்ப்ளி பாடிக்கு வந்துடும். இந்தத் தாத்தா தொட்டாருன்னா அவ்ளோதான்"னு சொல்லி, நடுவுல ஒரு குட்டி டிரான்ஸ்பார்மரு வெச்சாரு. அதுவும் பழசுதான். என் வூட்டுக்காரரு மிச்சம் புடிக்கறேன்னு காலிங் பெல் ஒயரு வாங்கியாந்து இருந்தாரு. அதப் போட்டதும் ஸ்பீக்கரு ஊங்குது, உள்ள வண்டு பூந்த மாதிரி. மெக்கானிக்கு அதப் புடுங்கிப் போட்டுட்டு, மேல கம்பி வலை சுத்தின ஷீல்டு ஒயரு போட்டாரு. ஊங்கல் நின்னுடுச்சி.

எங்க ஊர்ப் பக்கம் ஒரு வழக்கம் உண்டு. செட்டு ரிப்பேருக்குக் குடுத்தா உட்டுட்டு வரக்கூடாது. கூடவே உக்காந்து கண்ணுல வெளக்கெண்ண ஊத்திக்கினு பாக்கணும். இல்லன்னா உள்ள இருக்கற நல்ல சாமானக் கழட்டிக்கினு டூப்ளிகேட்டு வெச்சிடுவான்னு பயம். மாமனாரு சும்மா உக்காருவாரா? வெத்தல பொட்டியத் தொறந்தாரு. சுண்ணாம்ப விரல்ல எடுத்தாரு. டிரான்ஸ்பார்மருல ஒரு பொட்டு, சுவிட்ச்சுல ஒரு பொட்டு, ஸ்பீக்கரு காந்தத்துல ஒரு பொட்டு. மாத்திட்டா அடையாளம் தெரியணும் இல்ல! மெக்கானிக்குக்கு முகம் செவந்துடுச்சி. "இன்னா தாத்தா, சந்தை மாட்டுக்கு மை வெக்கற மாதிரி வெச்சிக்கினு இருக்கீங்க?"ன்னாரு. நல்ல வேள, மாமனாருக்கு அது கேக்கல. மெக்கானிக்கு மூணையும் போட்டுக் காட்டி (டேப்புல அவரு கடை பாட்டு கேசட்டு), ஒயரெல்லாம் உருவி, வண்டியில ஏத்தற வரைக்கும் மாமனாரு பொட்டு வெச்சிக்கினே இருந்தாரு.

வூட்டுக்கு வந்து மறுநாள் காலையிலயே வாசல்ல ஒரு போலீஸ்காரரு. மைக் செட்டு வெச்சி இருக்கீங்களாமேன்னாரு. எவனோ சொல்லி இருக்கான். எவன்னு இன்னி வரைக்கும் தெரியல, எதிர் வூட்டு வாத்தியாரு மேல எனக்கு ஒரு கண்ணு உண்டு. மாமனாரு அவருபாட்டுக்கு, "அவன் மலையில இருக்கான். மறியல் முடிஞ்சா எறங்கி வருவான்"னு ஆரம்பிச்சிட்டாரு. போலீஸ்காரரு நிமுந்து உக்காந்து, "யாரு மலையில இருக்கான்? எதுக்கு மலையில இருக்கான்?"னு புடிச்சிக்கினாரு. நான்தான் காப்பி போட்டுக் குடுத்து, மாவு மில்லு கதையச் சொல்லி, டேப்பையும் டிவியையும் காட்டி அனுப்பி வெச்சேன். போறப்போ கூட திரும்பித் திரும்பிப் பாத்துக்கினேதான் போனாரு.

அப்புறம் என் வூட்டுக்காரரு மூணையும் கோத்தாரு, டேப்பு பின்னு மட்டும் இறுக்கமா இருக்குதுன்னு அரைகுறையா சொருகி வெச்சாரு. சுவிட்ச்ச ரேடியோ பக்கம் திருப்பினோம். கூடம் அதிருது. மாமனாரு ஸ்பீக்கரு முன்னால சம்மணம் போட்டு உக்காந்தாரு. செய்தி வந்துச்சி. அவரு முகத்துல ஒரு வெளிச்சம் பாருங்க! "கேக்குது! எல்லாம் கேக்குது! அந்தப் பொம்பளைக்கு சளி புடிச்சி இருக்குது போல, மூக்கால பேசறா"ன்னாரு. வட மாவட்டத்துல பஸ்ஸுங்க வழக்கம்போல ஓட ஆரம்பிச்சிடுச்சின்னு செய்தியில சொன்னாங்க. மாமனாரு மெதுவா திரும்பி மகனப் பாத்தாரு. "பஸ்ஸு ஓடுதாமே?"

"பெரிய ரோட்டுல ஓடுது நைனா. மலைக்கு இன்னும் உடல."

"ம்"னாரு. டிவிய வெச்சோம். அதுவும் அதையேதான் சொல்லிச்சி. மறுபடி "ம்". அப்புறம் கேசட்ட அவரே எடுத்து, அவரே போட்டு, சுவிட்ச்ச அந்தப் பக்கம் திருப்பினாரு.

ஒரு சத்தமும் இல்ல. டேப்போட சொந்த சத்தத்தக் கொறைச்சி வெச்சி இருந்தோம். கேசட்டு சுத்துது, ஆம்ப்ளி வெளக்கு எரியுது, ஸ்பீக்கருல மூச்சுப் பேச்சு இல்ல.

ஆம்ப்ளி சத்தத்தக் கூட்டினோம். கொர்ருன்னு ஒரு எரைச்சல், அவ்ளோதான். மாமனாரு முகம் கருத்துப் போச்சி. "ரேடியோ பேசுது. டிவி பேசுது. என் புள்ள மட்டும் பேச மாட்டானா? எவன் சொல்லி வெச்சான் மெக்கானிக்குகிட்ட?"ன்னு எங்க ரெண்டு பேரையும் பாத்து கேட்டாரு. சொல்லி வெக்கல மாமா, சத்தியமா சொல்லி வெக்கலன்னு கத்தினேன். அவரு நம்பல.

நான் என் வூட்டுக்காரரப் பாத்தேன். மனுசன் பெருமூச்சு உடறாரு. கவலையில உடற மூச்சு இல்ல அது, தப்பிச்சோம்டான்னு உடற மூச்சு. எனக்குப் புரியாதா? இவருதான் என்னமோ பண்ணி இருக்காருன்னு அடிச்சிச் சொன்னிச்சி என் மனசு. ஒயர மொனையில இருந்து மொன வரைக்கும் தடவிப் பாத்தேன். எங்கயும் அறுக்கல. மெக்கானிக்க வரவழைச்சோம். அவரு செருப்பக் கூட கழட்டாம வாசல்ல நின்னுக்கினு, "என் கடையில நல்லா பாடிச்சி. நீங்கதான் வண்டியில கீழ போட்டு இருப்பீங்க"ன்னு சொல்லிட்டு, பொட்டியத் தொட்டுக் கூடப் பாக்காம போயிட்டாரு. மறுபடி சுண்ணாம்பு பூசிக்க அவருக்கென்ன தலையெழுத்தா?

சுண்ணாம்புன்னு நெனச்சதும்தான் எனக்கு சுரீர்னுச்சி. டேப்பத் திருப்பி பின்ன உருவினேன். பின்னால இருந்த அஞ்சு ஓட்டையிலயும் வெள்ள வெளேர்னு அடைச்சிக்கினு இருக்குது. காஞ்சி கல்லாட்டம் ஆயிடுச்சி. கடையில ஒயர உருவினதுக்கு அப்புறம், சாக்கெட்டையும் மாத்திடுவானோன்னு அது மேலயும் ஒரு பொட்டு வெச்சி இருக்காரு மனுசன். அத்தன பேர சந்தேகப்பட்டு, கடைசியில புள்ள வாய அவரே அடைச்சி வெச்சி இருக்காரு. சிரிக்கறதா அழுவறதான்னு தெரியல எனக்கு.

கொண்டை ஊசிய எடுத்துச் சுரண்ட ஆரம்பிச்சேன். என் வூட்டுக்காரரு பக்கத்துல வந்து நின்னு, "உட்டுடு"ன்னாரு, உதட்ட அசைக்காம. "உட்டுடு. அவருக்குத் தெரிஞ்சா தாங்க மாட்டாரு." இவரு அந்தச் சுண்ணாம்ப முன்னாடியே பாத்துட்டு சும்மா இருந்தாரான்னு எனக்கு இன்னிக்கும் ஒரு உறுத்தல் உண்டு. நான் தலைய நிமுத்தல. அஞ்சு ஓட்டையையும் சுத்தம் பண்ணி, ஊதி, பின்ன சொருகினேன்.

கேசட்டு ஓடிச்சி. பெரியவரு குரலு கூடத்துல நின்னு பேசற மாதிரி வந்துச்சி. இஞ்சினு சத்தம் ஒரு பக்கம், பேச்சு ஒரு பக்கம், தனித்தனியா. மாமனாரு ஸ்பீக்கரு பொட்டி மேல உள்ளங்கைய வெச்சிக்கினு உக்காந்து இருந்தாரு. "அவ முழுகாம இருக்கா"ன்னு வந்தப்போ அந்தக் கை ஒரு தரம் ஆடிச்சி. "சொல்லலன்னா என்ன எதிர்பாக்காதீங்க"ன்னு முடிஞ்சி, அப்புறம் வெறும் இஞ்சினு சத்தம். முகத்துல ஒண்ணும் தெரியல. கல்லுளிமங்கன்.

பொத்தான அமுக்கி நிறுத்திட்டு, எதுவுமே காதுல உழாத மாதிரி என் பக்கம் திரும்பினாரு. "இன்னாம்மா சொல்றான்?"

பின்னால இருந்து என் வூட்டுக்காரரு, "நைனா, அவன் இன்னா..."ன்னு ஆரம்பிச்சாரு.

"உன்ன கேக்கல."

இவருக்குக் கேட்டுச்சா, கேக்கலியா? என்ன சோதிக்கறாரா? வூட்டுக்காரரு கண்ணு என் முதுகுல குத்துது. ஆனது ஆவட்டும்னு, கத்தாம, மெதுவாவும் இல்லாம, சாதாரணமா சொன்னேன்: "அவங்களும் வந்தாத்தான் வருவாராம் மாமா. அவங்க முழுகாம இருக்காங்களாம். ரெண்டு பேரும் வாங்கன்னு நீங்க ஒரு வார்த்த சொல்லணுமாம். மறியல்னு அவரு சொல்லவே இல்ல."

கேசட்ட வெளிய எடுத்து, வந்த துணியிலயே சுத்தினாரு.

"ம். எனக்கும் அப்படித்தான் கேட்டுச்சி"ன்னாரு.

யாரு பாத்தான்னு கேக்கல. அந்த வூட்டுக்கு வந்ததுல இருந்து நான் சொன்ன ஒரு வார்த்தைக்கு சாட்சி கேக்காம உட்டது அன்னிக்குத்தான். கெணத்தடிக்குப் போயி மூஞ்சியக் கழுவிக்கினேன், அழுதது தெரியக் கூடாதுன்னு. மகன அவரு திட்டல. அன்னிக்குப் பூரா அவரோட பேசவே இல்ல, அது திட்டினத விட மோசம்.

அடுத்த சந்தைக்குக் கடுக்காக்காரரு வந்ததும், மாமனாரே வாசலுக்குப் போயி அவருகிட்ட ஊருக்கே கேக்கற மாதிரி சொன்னாரு: "ரெண்டு பேரையும் வரச் சொல்லு. வர வியாழக்கெழம வரச் சொல்லு."

வியாழக்கெழம காலையிலயே குளிச்சி வெள்ள வேட்டி கட்டிக்கினு வாசல்ல உக்காந்தாரு. நான் கோழி அடிச்சிக் கொழம்பு வெச்சேன். பத்து மணி பஸ் வரல. அடுத்த பஸ்ஸும் வரல. என் வூட்டுக்காரரு சைக்கிள எடுத்துக்கினு பாத்துட்டு வரேன்னு போனாரு, மேல் மூச்சு வாங்க திரும்பி வந்தாரு. "நைனா, புளியமரத்த வெட்டி ரோட்டுல போட்டுட்டாங்க. மலை பஸ்ஸு அந்தாண்ட நின்னுக்கினு இருக்குதாம்!"

மாமனாரு சிரிச்சாரு பாருங்க ஒரு சிரிப்பு. "அடப்பாவி. இன்னுமாடா?"

"நெசமா நைனா! சத்தியமா இந்தத் தரம் நெசம்!" என் வூட்டுக்காரரு கண்ணுல தண்ணி. வளந்த ஆம்பள அழுவறாரு. நானும் பாத்துக்கினுதான் இருந்தேன், உங்களுக்கு மறைக்கறதுல என்ன இருக்குது, நானும் நம்பல. மாமனாரு உள்ள போயி ரேடியோவத் திருப்பினாரு. உர விலை, வெதை நெல்லு, அப்புறம் மழ நிலவரம். எங்க ரோட்டப் பத்தி ஒரு பேச்சும் இல்ல. "பாத்தியா"ன்னுட்டு, தடிய எடுத்துக்கினு ரோட்டுல எறங்கி நடக்க ஆரம்பிச்சிட்டாரு. தடுத்தா நிக்கற ஆளா? நானும் பின்னாலயே ஓடினேன்.

வெயிலு மண்டையப் பொளக்குது. ரோட்டுல ஒரு வண்டி இல்ல. ஊரு எல்லை தாண்டி வளைவு திரும்பினா, கெடந்துச்சி மரம். ரெண்டு ஆளு கட்டிப்புடிக்கற புளியமரம், கெளையும் தழையுமா ரோட்ட அடைச்சிக்கினு. மாமனாரு கிட்டப் போயி வெட்டுவாயில விரல வெச்சித் தடவிப் பாத்தாரு. ஈரம். தடியால அடிமரத்த ரெண்டு தட்டுத் தட்டினாரு. "நெசமாத்தான் வெட்டி இருக்கானுங்க"ன்னாரு, தனக்குத்தானே.

அந்தாண்டப் பக்கம் பஸ்ல இருந்து எறங்கின ஜனங்க கூட்டமா நின்னுக்கினு இருந்தாங்க. கெளைங்களுக்கு நடுவுல பெரியவரு முகம் தெரிஞ்சிது. பக்கத்துல ஒரு பொண்ணு, சின்னப் பொண்ணுதான், ஒரு கையில துணி மூட்டை, இன்னொரு கைய வயித்து மேல வெச்சிக்கினு. பெரியவரு அங்க இருந்து கத்தினாரு. மாமனாருக்குக் கேக்கல, என்னப் பாத்தாரு.

"அவங்களால இதத் தாண்ட முடியாதாம் மாமா. திரும்பி மலைக்கே போறோம், இன்னொரு நாளு வரோம்னு சொல்றாரு"ன்னேன்.

மாமனாரு தடிய என் கையில குடுத்துட்டாரு. வேட்டிய மடிச்சிக் கட்டிக்கினாரு. கெளைய ஒரு கையால வளைச்சிப் புடிச்சி, அடிமரத்து மேல ஒரு காலத் தூக்கி வெச்சி ஏறி நின்னாரு, அந்த வயசுல. பெரியவர ஏறெடுத்தும் பாக்கல. அந்தப் பொண்ணப் பாத்து கைய நீட்டினாரு.

"அவன் கெடக்கறான். நீ வாம்மா. பாத்து, மெதுவா. என் கையப் புடிச்சிக்க."

அந்தப் பொண்ணு அசையல. நீட்டின கையப் பாத்தா, அவரு முகத்தப் பாத்தா. அப்புறம், முன்ன பின்ன தெரியாத என்னப் பாத்தா. நம்பலாமான்னு கேக்கற பார்வ அது. நான் தலைய ஆட்டினேன். அதுக்கப்புறம்தான் கையக் குடுத்தா.